வண்டி ரெடி... பேப்பர் எங்கே?

பழைய பைக் ஒண்ணை விக்கறதுக்குள்ளயே நமக்கு நாக்கு தள்ளிடும். போட்டோ போட்டா, 'லாஸ்ட் எவ்ளோ ப்ரோ?'னு கேட்டுட்டுக் காணாமப் போறவங்கதான் அதிகம். இதுல, ஜெர்மன்காரர் ஒருத்தரோட பழைய கேரவனைச் சென்னையில விக்கணும்னா எப்படி இருக்கும்? யோசிச்சுப் பாருங்க மக்களே. நான் பக்கத்துல இருந்தே பார்த்தேன்.

சினிமா ஷூட்டிங்ல ஹீரோயின் ஏசி போட்டு உட்கார்ந்திருப்பாங்களே, அந்த கேரவன் இல்ல இது. உள்ள கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, குட்டி பாத்ரூம்னு ஒரு முழு வீட்டையே சுருட்டி வெச்ச பழைய மெர்சிடிஸ் வேன். துருக்கி, ஈரான், பாகிஸ்தான்னு ஓட்டி, வாகா வழியா நம்ம நாட்டுக்குள்ள வந்தாங்க ஒரு ஜெர்மன் தம்பதி. சென்னைத் துறைமுகத்துல வண்டியைக் கப்பல் ஏத்தி, மலேசியாவுல இறக்கி, மறுபடி ஓட்டறதாத் திட்டம். துறைமுகம் போற வழியில, பைபாஸ்ல கியர் பாக்ஸ் மக்கர் பண்ணிடுச்சு. கட்டி இழுத்துக்கிட்டு வந்த இடம், கள்ளிக்குப்பத்துல செங்குன்றம் ரோட்டை ஒட்டி இருக்கற எங்க மாமாவோட மெக்கானிக் ஷெட். இது நடந்தது 2019-ல.

வெளிநாட்டு வண்டின்னா முதல் பயம் ஸ்பேர் பார்ட்ஸ்தானே? மாமா பானெட்டைத் திறந்து பார்த்துட்டு ஒரே சிரிப்பு. "மாப்ள, இது நம்ம டெம்போ டிராவலர்டா!"

சும்மா சொல்லல. ஐ.வி. போறப்போ ஆட்டம் போட்டுக்கிட்டு ஏறுவோமே, அந்த டெம்போ டிராவலர் 1987-ல வந்தது. இப்போ ஃபோர்ஸ் மோட்டார்ஸ்னு பேர் மாறியிருக்கற பஜாஜ் டெம்போ கம்பெனி, மெர்சிடிஸோட டி-1 வேனை வெச்சுத்தான் அதைச் செஞ்சாங்க. நம்ம ஷெட்டுக்கு வந்ததும் அதே டி-1 தான். மாமா ஜி.பி. ரோட்டுலயும் புதுப்பேட்டையிலயும் அலைஞ்சு பார்ட்ஸ் தேத்தினார். பொருந்தாததை அம்பத்தூர் எஸ்டேட்ல லேத்துல கடைஞ்சு பொருத்தினார். பத்தே நாள்ல வண்டி உறுமிடுச்சு.

அன்னிக்கு ராத்திரிதான் ஜெர்மனியில இருந்து போன். அந்தம்மாவோட அப்பா சீரியஸ். மலேசியா போற ஆசையெல்லாம் அதோட போச்சு. வந்த விலைக்குத் தள்ளிட்டு ரெண்டு பேரும் உடனே ஃப்ளைட் ஏறணும். அவ்வளவுதான் வேணும் அவங்களுக்கு.

மாமா நாலு பேர்கிட்ட சொல்லி வெச்சார். முதல்ல வந்தவர் சினிமாவுக்கு கேரவன் வாடகைக்கு விடறவர். ஏசி இல்ல, ஜெனரேட்டர் இல்ல, ஸ்டீயரிங் வேற இடது பக்கம். "டிரைவரே கிடைக்க மாட்டான் சார்"னு கிளம்பிட்டார். அடுத்தவர் ஈ.சி.ஆர்.ல காபி ஷாப் வெச்சிருக்கறவர். "நான் ஓட்டவே போறதில்ல, ஓரமா நிறுத்தி உள்ள காபி விப்பேன்"னார். விலையும் படிஞ்சுது. "ஆர்.சி. புக் குடுங்க"ன்னு கேட்டப்போதான் மேட்டரே வெளிய வந்தது.

அந்த வண்டிக்கு இந்தியாவுல ஆர்.சி. கிடையாது. இருந்தது 'கார்னே'ங்கற ஒரு புத்தகம். வண்டிக்குப் பாஸ்போர்ட் மாதிரி. வரி கட்டாம ஒரு நாட்டுக்குள்ள வண்டியைக் கொண்டுபோய், திரும்ப வெளிய எடுத்துட்டுப் போறதுக்கான உத்தரவாதம் அது. உள்ள நுழையும்போது ஒரு முத்திரை, வெளிய போகும்போது ஒரு முத்திரை. இந்தியாவுல 6 மாசம் தங்கலாம். வெளிய போன முத்திரை விழலைன்னா, சுங்கவரியைக் கார்னே குடுத்த ஆட்டோமொபைல் கிளப் மேல போடுவாங்க. கிளப் அதை வண்டிக்காரர் கட்டின டெபாசிட்ல இருந்து பிடிச்சுக்கும்.

'அந்த வரியை இங்கயே கட்டிட்டு வித்தா என்ன?'னு நானும் கேட்டேன். பழைய வண்டியை இறக்குமதி செய்யணும்னா, அது தயாரிச்சு 3 வருஷத்துக்கு மேல ஆகியிருக்கக் கூடாது, ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்கணும். இது என்னைவிட வயசுல மூத்த வண்டி! ஸ்டீயரிங் கதையும் உங்களுக்குத் தெரியும்.

மூணாவதா வந்தவர் புரோக்கர். "பேப்பரே வேணாம்ணே. பிரிச்சு வித்துக்கறேன், இல்ல வேற நம்பர் மாட்டிக்கறேன். உங்களுக்கு அம்பதாயிரம்"னார். ஷெட் வாடகை ரெண்டு மாசம் பாக்கி இருந்த நேரம் அது. மாமா கொஞ்ச நேரம் பேசாம நின்னார். அப்புறம், "வண்டியில கோளாறுன்னா நான் பாத்துக்குவேன். பேப்பர்ல கோளாறுன்னா யாருப்பா பாக்கறது?"னு அனுப்பிட்டார்.

கடைசியில அந்தம்மா மட்டும் அவசரமா ஃப்ளைட் ஏறினாங்க. ஐரோப்பாவுக்குக் கப்பல் கிடைச்சு, வண்டியை ஏத்தி, அந்த 'வெளிய போன' முத்திரை விழற வரைக்கும் அவர் இங்கயே காத்துக் கிடந்தார். மூணு வாரம். அதுக்குள்ள அங்க எல்லாம் முடிஞ்சிருந்தது.

'நாம எங்க பாஸ் கேரவன் விக்கப் போறோம்?'னு கேக்கறீங்களா? ஃபைனல் இயர் முடிஞ்சதும் பைக்கை விப்பீங்கல்ல! பணத்தை வாங்கிட்டு, சாவியையும் ஆர்.சி.யையும் குடுத்து, எதுவுமே எழுதாத ஃபார்ம் 29, 30-ல கையெழுத்து போட்டுட்டு, 'பேரை நீயே மாத்திக்கோ மச்சான்'னு கிளம்பிடறோம். அவன் மாத்தலைன்னா? 2018 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்குல தெளிவாவே சொல்லிடுச்சு. வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் சரி, ஆர்.சி.யில யார் பேர் இருக்கோ, விபத்து இழப்பீட்டுக்கு அவர்தான் பொறுப்பு. நீங்க பெங்களூருல வேலையில இருப்பீங்க. உங்க பேர்ல இருக்கற டி.என்.13 பைக் அம்பத்தூர்ல யாரையாவது இடிச்சிருக்கும். நோட்டீஸ் வர்றது உங்க வீட்டுக்கு!

தமிழ்நாட்டுக்குள்ளயே விக்கறதுன்னா, வித்தவர் 14 நாளைக்குள்ள ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தெரிவிக்கணும், வாங்கினவர் 30 நாளைக்குள்ள. லோன் வண்டின்னா ஃபைனான்ஸ் பேரை நீக்க ஃபார்ம் 35 தனி. வாங்கறவரோட அடையாள அட்டை நகல் ஒண்ணு கையில இருக்கட்டும். ஃபார்ம்ல வாங்கறவர் பேரையும் தேதியையும் உங்க கண்ணு முன்னாடியே எழுத வைங்க.

அந்த ஜெர்மன்காரருக்கு மூணு வாரம் ஆச்சு. நமக்கு அரை நாள் லீவு போட்டா முடியற வேலை. ட்ரீட்டை அதுக்கப்புறம் வெச்சுக்கலாம்!