கோழி அடையும் நேரம்

ஐப்பசி மழை விட்டு நான்கு நாள். கோழி அடைகிற நேரம் பார்த்துக் கொசுவும் கிளம்பிவிடுகிறது. திண்ணையில் அம்மா ஏற்றி வைக்கும் கொசுவர்த்தியின் புகை, காற்று திரும்பினால் நேரே கூண்டுக்குள் போகிறது. நேற்று இரவு சேவல் இரண்டு மூன்று முறை தும்மியது. இன்று கொசுவர்த்தியை வாசல் பக்கம் மாற்றிவிட்டேன்.

*

கோழியின் நுரையீரல் நம்முடையதுபோல் விரிந்து சுருங்குவதில்லை. அதோடு ஒன்பது காற்றறைகள் சேர்ந்திருக்கின்றன. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் நுரையீரலுக்குள் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டிருக்கும். நல்ல காற்றை நன்றாக வாங்கும். புகையையும் அப்படியே வாங்கும்.

*

ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகளைக் கக்குகிறது என்று 2003இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. கூண்டருகில் அது வேண்டவே வேண்டாம். கீழே வைக்கோல், மேலே ஓலை என்றால் தீப் பயமும் உண்டு.

வேப்பிலை, நொச்சி மூட்டமும் புகைதான். போட்டே ஆகவேண்டும் என்றால் கோழிகள் மேய்ச்சலில் இருக்கும்போது, வெறும் கூண்டில் போடலாம். புகை முழுக்கக் கலைந்த பிறகே அடைக்க வேண்டும்.

*

அதற்காகக் கொசுவை விட்டுவிடவும் முடியாது. கோழி அம்மையைப் பரப்புவதே பெரும்பாலும் கொசுதான். கொண்டை, தாடி, கண்ணோரம் என்று இறகில்லாத இடமாகக் கொப்புளம் கிளம்பிப் பொருக்குக் கட்டும். போன வருஷம் மூன்று குஞ்சுகளுக்குக் கண் ஒட்டிப்போனது. தீவனம் பக்கத்திலேயே இருந்தும் கொத்தத் தெரியாமல் மெலிந்து செத்தன. இந்த அம்மைக்குத் தடுப்பூசி உண்டு. இறக்கை மடிப்புத் தோலில் குத்திப் போடுவார்கள். குஞ்சுப் பருவத்திலேயே கால்நடை மருத்துவரைக் கேட்டுப் போட்டுவிட வேண்டும்.

*

நாம் பூசிக்கொள்ளும் கொசுக் களிம்பு மனிதத் தோலுக்கானது. பூசிய கையைக் கழுவாமல் குஞ்சைத் தூக்கவோ, தீவனம் அள்ளவோ, முட்டை பொறுக்கவோ கூடாது. முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு.

அந்தக் களிம்பைக் கோழி மேல் பூசுவது அதைவிடத் தப்பு. கோழி ஓயாமல் இறகைக் கோதும். இறகில் பட்டதெல்லாம் அலகு வழியே உள்ளே போய்விடும்.

பூச்சிக்கென்று கூண்டு மூலையில் பாச்சை உருண்டை போடாதீர்கள். தரையில் எது கிடந்தாலும் கோழி கொத்திப் பார்க்கும். அது விஷம்.

*

தெருவில் புகை மருந்து அடிக்கும் சத்தம் கேட்டால் முதல் வேலை, தீவனத் தட்டையும் தண்ணீர்ச் சட்டியையும் உள்ளே எடுத்து வைப்பது. கோழிகளைப் புகை வராத பக்கம் ஓட்டிவிடுவது அடுத்த வேலை.

*

கொசு பிறக்கும் இடத்தைத் தேடினேன். கோழிக்கு வைத்த மண்சட்டியிலேயே புழு நெளிந்தது! முட்டையிலிருந்து கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை, காய்ந்த சட்டியிலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கிடக்கும். இப்போது தினமும் தேங்காய் நாரால் உள்பக்கம் தேய்த்துக் கழுவுகிறேன். பின்கட்டில் கிடந்த கொட்டாங்கச்சி, உடைந்த பக்கெட் எல்லாவற்றையும் அப்புறப்படுத்தியாயிற்று.

*

கூண்டுக்கு நைலான் கொசுவலை கட்டினேன். முதல் தடவை கம்பியோடு ஒட்டிக் கட்டியதில், இரண்டே நாளில் கொத்திக் கிழித்துவிட்டன. இப்போது சட்டம் அடித்து, அலகு எட்டாதபடி நான்கு விரற்கடை தள்ளி வலை நிற்கிறது. காற்றுக்கும் தடையில்லை.

*

முதலில் தண்ணீர்ச் சட்டி, அடுத்து வலை, கூடவே தடுப்பூசி. புகை கடைசி, அதுவும் தள்ளி.

புகை தாங்காவிட்டால் நாம் எழுந்து வெளியே போய்விடுவோம். கூண்டின் தாழ்ப்பாளோ வெளிப்பக்கம் இருக்கிறது. இன்று சாயங்காலம் அதைப் போடுமுன் கூண்டு வாசலில் குனிந்து ஒரு மூச்சு இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால், தொண்டை கமறினால், கொஞ்ச நேரம் திறந்தே வையுங்கள்.