மாத்திரையும் இல்லை, அறிவுரையும் இல்லை: பேச்சு வைத்தியத்தில் என்னதான் நடக்கும்?

பொன்மலை ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வாழைக்காய் கொண்டுவரும் அந்த விவசாயிக்கு வயது 49. திருவெறும்பூர் பக்கம் இரண்டு ஏக்கர் நிலம். ஒரு வருஷம் சூறைக்காற்றில் மரங்கள் தாரோடு சாய்ந்தன. அடகு வைத்த நகையை மறுவருஷமே மீட்டுவிட்டார். ஆனால் அதன் பிறகுதான் தூக்கம் போனது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வரப்பில் போய் உட்கார்ந்துகொள்வார். "கடன்தான் அடைஞ்சிருச்சேங்க, இன்னும் என்ன?" என்று மனைவி கேட்டால் எரிந்து விழுவார்.

அந்த அம்மா முதலில் ஒரு காரியம் செய்தார். வீட்டிலும் மோட்டார் கொட்டகையிலும் இருந்த பூச்சிமருந்து அத்தனையையும் எடுத்துப்போய்த் தம்பி வீட்டில் வைத்துப் பூட்டினார். எந்த வீட்டிலும் இப்படி ஒரு பயம் தட்டினால் முதல் வேலை இதுதான். மற்றதெல்லாம் அப்புறம்.

அடுத்து அரசு மருத்துவமனை. மாவட்ட மனநலத் திட்டத்தை 1996-97இல் நாட்டில் நான்கே மாவட்டங்களில்தான் முதலில் தொடங்கினார்கள். அதில் திருச்சியும் ஒன்று. டாக்டர் கொடுத்த மாத்திரையில் தூக்கம் வந்தது. மனசு மட்டும் இறுகியே கிடந்தது. "உட்கார்ந்து பேசிப் பாருங்கள்" என்று டவுனில் உள்ள ஓர் உளவியல் நிபுணரைக் கைகாட்டினார்கள். அவர் பின்பற்றியது உளப்பகுப்பாய்வு முறை.

இந்த முறை வியன்னாவில் சிக்மண்ட் ஃபிராய்டு உருவாக்கியது. நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. கல்கத்தாவில் டாக்டர் கிரீந்திரசேகர் போஸ் 1922இலேயே இதற்கென ஒரு சங்கம் தொடங்கிவிட்டார். 1931இல் ஃபிராய்டின் 75ஆம் பிறந்தநாளுக்கு அந்தச் சங்கத்தார் தந்தத்தில் செய்த விஷ்ணு சிலையை அனுப்பினார்கள். அனந்தன் மேல் அமர்ந்த கோலம். அதை அவர் தன் மேசையில் வைத்திருந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இந்தச் செய்தி பிடிக்கும்!

தைரியம் சொல்லி அனுப்புவார்கள் என்று நினைத்துத்தான் அவர் போனார். அப்படி எதுவும் நடக்கவில்லை. முதல் சில முறை ஊர், குடும்பம், உடம்பு பற்றிய விசாரிப்பு. பிறகு திங்கட்கிழமைதோறும் ஒரே நேரம், 50 நிமிஷம். தாமதமாகப் போனாலும் முடிகிற நேரம் மாறாது. ஒரே ஒரு விதி: மனசில் என்ன வருகிறதோ அதை அப்படியே சொல்ல வேண்டும். அற்பமானது, அசிங்கமானது, சம்பந்தமில்லாதது என்று எதையும் ஒதுக்கக் கூடாது. கனவையும் சொல்லலாம். பழைய முறையில் சாய்வுப் படுக்கையில் படுத்துக்கொண்டு, வாரம் நாலைந்து நாள், வருஷக்கணக்கில் பேசுவார்கள். இப்போது வாரம் ஒருமுறையோ இரண்டு முறையோ எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதுதான் அதிகம்.

இவர் பேசினார். அந்த நிபுணர் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருந்தார். "இதுக்கா காசு?" என்று வீட்டில் வந்து புலம்பினார். நான்காவது வாரம் வாய்க்காலில் தண்ணீர் முறை என்று சொல்லிப் போகவில்லை. முறை என்னவோ அடுத்த நாள்தான். இப்படித் தட்டிக்கழிப்பதும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான். மனசு எதற்குப் பயப்படுகிறதோ அதன் பக்கத்தில் போகும்போதுதான் சாக்கு முளைக்கும்.

மூன்றாம் மாதம் எதையோ பேசிக்கொண்டிருந்தவர், "பணிமனைச் சங்கு ஊதினா வயித்தைப் பிசையுதுங்க" என்றார். சொல்லிவிட்டு அவரே திகைத்தார். மகன் பொன்மலை ரயில்வே பணிமனையில் சேர வேண்டும் என்பது அவருடைய அப்பாவின் ஆசை. பரீட்சையில் தேறவில்லை. "நீ எதுக்கும் லாயக்கில்லை" என்று அப்பா சொன்னார். அவர் இறந்து 15 வருஷம் ஆகிறது. மரம் சாய்ந்த அன்றைக்கு அந்தக் குரல்தான் உள்ளே மறுபடி கேட்டிருக்கிறது. நகையை மீட்டால் அது எப்படி அடங்கும்?

டிராக்டர் ஓடி ஓடி அடிமண் இறுகிப்போன நிலத்தில் மேலே எவ்வளவு தண்ணீர் விட்டாலும் கீழே இறங்காது, உளிக்கலப்பைதான் போட வேண்டும். ஏறக்குறைய அதே கதைதான் இங்கேயும்.

இன்னொரு நாள் நிபுணர் கடிகாரத்தைப் பார்த்தார். "நீங்களும் என்னை லாயக்கில்லாதவன்னுதானே நினைக்கிறீங்க?" என்று இவர் கத்திவிட்டார். அவர் கோபப்படவில்லை. "உங்களுக்கு வேறு யார் அப்படிச் சொன்னது?" என்று மட்டும் கேட்டார். பழைய உறவின் கோபமும் பாசமும் எதிரே இருப்பவர் மேல் திரும்புவது இந்த வைத்தியத்தில் எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. அதைப் பார்த்துப் பேசித் தீர்ப்பதுதான் வேலையே. அந்த வாரங்களில் ஆள் முன்னைவிட மோசமாகத் தெரியலாம். வீட்டார் "இன்னிக்கு என்ன பேசினீங்க?" என்று துருவாமல் இருப்பது நல்லது.

ஒன்றரை வருஷமாகப் போய்வருகிறார். இப்போது விடியற்காலை நாலு மணி வரை தூங்குகிறார். சங்குச் சத்தம் இன்னும் பிடிக்கவில்லை.

வாழைக்காய் விலையை இந்த வைத்தியம் ஏற்றாது, கடனையும் அடைக்காது. காசும் நாளும் பிடிக்கும் என்பதால் எல்லாருக்கும் தோதுப்படாது. காதில் குரல் கேட்பது, சோறு தண்ணீர் இறங்காமல் கிடப்பது, உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு இவற்றுக்கு முதலில் மனநல மருத்துவர்தான். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது. பேச்சு வைத்தியம் செய்பவர் மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று கேட்கலாம். முழு உளப்பகுப்பாய்வாளராகப் பயிற்சி பெறுகிறவர் தானும் இன்னொருவரிடம் இதே வைத்தியத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பது அந்தத் துறையின் விதி. அதையும் தயங்காமல் விசாரிக்கலாம்.

டவுனுக்குப் போக முடியாதவர்களுக்கு 14416 என்ற டெலிமானஸ் எண் இருக்கிறது. இலவசம். ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.