உப்புக் கணக்கு

முதல் தடவை வந்தது பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது. சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டர் வலப்பக்கமாக ஓடியது. ஓடி முடிக்காமல் பழைய இடத்திலிருந்தே திரும்பவும் ஓடியது. குழாயைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று மணி நேரம், இரண்டு வாந்தி. அம்மா போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டாள்: "பித்தம்டா. வெறும் வயித்துல இஞ்சிச் சாறு குடி."

*

தலை சுற்றுகிறது என்கிறோம், பழி தலைக்கு. 1861இல் பாரிஸில் புரோஸ்பர் மெனியேர் என்ற மருத்துவர்தான் அந்தப் பழியை மூளையிலிருந்து இறக்கி உள்காதின் மேல் வைத்தார். காது கேளாதோர் நிறுவனத்தின் மருத்துவர் அவர். காது மந்தம், இரைச்சல், சுற்றல் மூன்றும் சேர்ந்து வருவதைக் கவனித்தார். அடுத்த ஆண்டே போய்ச் சேர்ந்துவிட்டார். என் இடது காதுக்கும் அவர் பெயரைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

*

பக்கத்து வீட்டு மாமிக்குப் படுக்கையில் புரண்டால் மட்டும் அரை நிமிடம் சுற்றும். உள்காதில் சுண்ணாம்புத் துகள் இடம் பெயர்ந்த கோளாறு. மருத்துவர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் படுக்கவைத்துச் சரிசெய்துவிட்டார். மாமி ஊறுகாய் சாப்பிடலாம். உப்பைக் குறைக்க வேண்டிய எனக்குப் பொறாமை.

*

எது சுற்றலைக் கிளப்புகிறது என்று பார்க்க நோட்டு போட்டேன். சாப்பாடு, தூக்கம், காது. அட்டையில் மனைவி எழுதியது: 'பேச்சு குழறினாலோ கை கால் இழுத்தாலோ நோட்டைத் தேட வேண்டாம், ஆஸ்பத்திரி.'

*

காபிதான் காரணம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நிறுத்தினேன். மறுநாள் மண்டையிடி, அது காபியை விட்டதற்கான தண்டனை. பிறகு ஐந்து வாரம் ஒன்றும் வரவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் காபியைத் திட்டினேன். ஆறாவது வாரம் வந்தது.

இந்த நோய் தானாக வரும், தானாக அடங்கும், சில சமயம் மாதக்கணக்கில் ஆளையே மறந்துவிடும். அந்த நேரம் பார்த்து எதை விட்டிருக்கிறோமோ அதற்குக் கெட்ட பெயர். கத்தரிக்காய், புளி, தயிர் என்று ஒவ்வொன்றாக விட்டு, கடைசியில் கஞ்சிக்கு வந்தவர்கள் உண்டு. விட்டுப் பார்த்தால் மட்டும் போதாது, திரும்பச் சாப்பிட்டும் பார்க்க வேண்டும். காலையில் ஒரு டம்ளர் காபி திரும்ப வந்தது. காது ஒன்றும் சொல்லவில்லை.

*

உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குள். ஒரு டீஸ்பூன் அளவு. நான் சாம்பாரில் போடுவதை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தேன். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரம், அதுவும் சோடியம். மோர்மிளகாய், கருவாடு, பாக்கெட் சூப், உப்பே தெரியாத பேக்கரி ரொட்டி. சித்தி இந்துப்பு வாங்கிக் கொடுத்தனுப்பினாள். நிறம்தான் வேறு, காதுக்கு அதுவும் உப்புதான்.

1934இலேயே அமெரிக்காவில் ஃபர்ஸ்டன்பர்க் என்பவர் இந்த நோய்க்கு சோடியம் குறைந்த சாப்பாட்டைப் பரிந்துரைத்தார். 2018இல், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து அலசும் கோக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் உப்பு, காபி, மது மூன்றையும் குறைப்பது பற்றித் தேடியபோது, அவர்கள் அளவுகோலுக்குத் தேறிய சோதனை ஒன்றுகூட அகப்படவில்லை. ஊரறிந்த பத்தியம், சாட்சி இல்லை. அதற்காக ஊறுகாய் ஜாடியைத் திறந்துவிட மனம் வரவில்லை.

*

மாவடு, மூன்று தடவை. இரண்டு தடவை மறுநாள் காதில் பஞ்சு வைத்தது போல அடைப்பு. மூன்றாவது தடவை ஒன்றுமில்லை. குழம்பிப்போய் தூக்கக் கட்டத்தைப் பார்த்தேன். அடைப்பு வந்த இரண்டு தடவையும் முந்தைய இரவு ரயிலில், கண்ணை மூடவில்லை. மாவடு தனியாக வந்தால் விட்டுவிடுகிறது, தூக்கமின்மையைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் வம்பு போலிருக்கிறது. மூன்றே தடவையை வைத்து இவ்வளவு பேசுவதும் அதிகம்தான்.

*

நேற்று மச்சினன் மகள் கல்யாணம். முகூர்த்தம் விடியற்காலை, மூன்று மணிக்கே எழுந்தாயிற்று. பந்தியில் இலையைக் கையால் மறைத்து "அப்பளம் வேண்டாம்" என்றேன். "கல்யாண வீட்ல வேண்டாம்னு சொல்லக்கூடாது சார்" என்று பரிமாறியவர் விரலிடுக்கில் ஒன்றைச் செருகிவிட்டுப் போனார். பாதி தின்றேன். நோட்டில் 'அப்பளம் ½, தூக்கம் 3 மணி நேரம்' என்று எழுதியிருக்கிறேன். காதுக்கு நேரே உள்ள கட்டம் இன்னும் காலி.