சோறும் செல்போனும்

பேரனுக்கு அப்போது இரண்டு வயது முடிந்து நான்கு மாதம். மகளும் மருமகனும் வேலைக்குப் போனபின், கம்பத்து வீட்டில் அவனுக்கு மதியச் சோறு ஊட்டுவது என் பொறுப்பு. செல்போனைக் கையில் கொடுத்தால் வாய் தானாகத் திறக்கும். பத்தே நிமிடத்தில் கிண்ணம் காலி. கெட்டிக்காரத் தாத்தா என்று பெயரும் வாங்கினேன்.

ஒருநாள் மகள், "அப்பா, பேர் சொல்லிக் கூப்பிட்டா இவன் திரும்பியே பார்க்க மாட்டேங்கிறானே, கவனிச்சீங்களா?" என்றாள். திக்கென்றது. எண்ணிப் பார்த்தேன். அவன் பேசும் சொற்கள் பத்தைத் தாண்டவில்லை.

குழந்தை மருத்துவரிடம் போனோம். முதலில் காதைச் சோதிக்கச் சொன்னார். குறையில்லை. பிறகு, "வீட்டில் யார் போன் கொடுக்கிறது?" என்றார். மகள் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான்" என்றேன்.

அவர் திட்டவில்லை. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலைச் சொன்னார். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம். வெளியூர் சொந்தங்களோடு எப்போதாவது வீடியோவில் பேசலாம். 2 முதல் 5 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மிகக்கூடாது, அதுவும் பெரியவர் பக்கத்தில் இருந்து. சாப்பிடும்போதும் தூங்கப்போகும் முன்பும் கூடவே கூடாது. "பேச்சு தாமதமாக வேறு காரணமும் இருக்கலாம். போனை நிறுத்திவிட்டு மூன்று மாதம் பேசிப் பழக்குங்கள், பார்ப்போம்" என்றார்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அந்த மொழியிலும் தேடினேன். மனநல மருத்துவர் செர்ஜ் திஸ்ஸெரோன் 2008-லேயே '3-6-9-12' என்று ஒரு கணக்கு வகுத்திருக்கிறார். மூன்று வயதுக்குள் திரை வேண்டாம், ஆறுக்குள் சொந்தமாக விளையாட்டுக் கருவி வேண்டாம், ஒன்பதுக்குள் இணையம் வேண்டாம், பன்னிரண்டுக்குள் தனியாக இணையம் வேண்டாம். அதே ஆண்டில், மூன்று வயதுக்குட்பட்டோருக்கென நிகழ்ச்சி ஒளிபரப்ப அந்நாட்டுத் தொலைக்காட்சிகளுக்குத் தடையும் வந்திருக்கிறது. நான் படித்தது தாமதமாகத்தான்.

முதல் இரண்டு நாள் ஒரே அழுகை, சோற்றைத் துப்பினான். மூன்றாம் நாள் கிண்ணத்தோடு அவனை வயல் பக்கம் தூக்கிப்போனேன். உழவு நடந்துகொண்டிருந்தது. டிராக்டருக்குப் பின்னால் கூட்டமாகக் கொக்குகள். ஒரு கொக்குக்கு ஒரு வாய் என்று ஊட்டினேன். பாதிக் கிண்ணம் இறங்கியது.

மூன்று மாதத்தில் கூப்பிட்டால் திரும்புகிறான். சொற்கள் நாற்பதைத் தொட்டிருக்கின்றன. வயதுக்கு இன்னும் குறைவுதான் என்று பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறார் மருத்துவர். வாராவாரம் போகிறோம்.

பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நம் வயதுக்காரர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பிள்ளைகளைப் பெற்றவர்களை மட்டும் குறை சொல்லாதீர்கள். இப்போது ஒரு கிண்ணம் சோறு ஊட்ட முக்கால் மணி நேரமாகிறது. ஆகட்டுமே, எனக்கு வேறென்ன வேலை?