வேரறுத்த புளி

சனி, காலை

இரவெல்லாம் கொட்டிய ஐப்பசி மழை விடியும்போது விட்டிருந்தது. கோவில்பட்டியை ஒட்டிய ஊராட்சியிலுள்ள வீட்டில் எல்லோரும் சீக்கிரமே எழுந்துவிட்டார்கள். தீபாவளி விடுமுறைக்குச் சென்னையிலிருந்து தம்பி குடும்பம் வந்திருந்தது. அக்கா பள்ளி ஆசிரியை. கரிசல் பூமியைப் பிள்ளைகளுக்குச் சுற்றிக் காட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கும் கழுகுமலைக்குப் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்புவது என்று முடிவாகி, தெருமுனை வாடகைக் காரைப் பிடித்தார்கள்.

கழுகுமலையில் பார்ப்பதற்கு நிறைய உண்டு. எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலச் சிற்பிகள் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து, பாதியில் விட்டுப்போன வெட்டுவான் கோவில் இருக்கிறது. அதே மலையில் சமணச் சிற்பங்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. அடிவாரத்தில் குடைவரை முருகன். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடியது இந்த முருகனைத்தான். ஆசிரியை இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

இருபுறமும் மழை குடித்த கரிசல் மையாகக் கறுத்துக் கிடந்தது. புரட்டாசியில் விதைத்த மக்காச்சோளமும் உளுந்தும் பச்சைபிடித்திருந்தன. வானம் வெளுத்திருந்தது. காற்று என்று சொல்லும்படி எதுவும் இல்லை.

சனி, முற்பகல்

பாதி வழியில் ஒரு வளைவைத் தாண்டியதும் ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினார். சாலையின் குறுக்கே ஒரு புளியமரம் விழுந்து கிடந்தது. கொப்பும் இலையுமாகப் பச்சைச் சுவர் எழுப்பியதுபோல் மறுபக்கமே தெரியவில்லை. அங்கேயும் ஒரு மினி பேருந்து நிற்கிறது என்பது ஹாரன் சத்தத்தில்தான் தெரிந்தது. விழுந்து அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. பிஞ்சுப் புளியங்காய்கள் தார்ச்சாலையெங்கும் சிதறிக் கிடந்தன. உடைந்த கொப்பின் வெண்மரத்தில் இன்னும் ஈரம் காயவில்லை.

நல்லவேளை, அடியில் யாரும் சிக்கவில்லை. மின்கம்பி மரம் சாய்ந்த பக்கம் போகாததால் அதுவும் அறுபடவில்லை. இந்த இரண்டையும் உறுதி செய்துகொண்ட பிறகே ஓட்டுநர் யாரையும் கீழே இறங்கவிட்டார். மழைக்காலத்தில் விழுந்த மரத்தின் பக்கத்தில் போவதற்கு முன் கம்பியைப் பார்ப்பதுதான் முதல் வேலை. இலைக்கூட்டத்துக்குள் அறுந்த கம்பி கிடந்தால் வெளியே தெரியாது, உயிர் போய்விடும்.

தம்பி 112-க்குப் போன் செய்து சொன்னார். இப்படிப்பட்ட நேரத்தில் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணும் உதவும். அதற்குள் பக்கத்துக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்த நாலைந்து பேர் அரிவாளோடு வந்துவிட்டார்கள். இந்தப் பக்கத்தில் காடு என்றால் விளைநிலம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஒருவர் சில்லுக் கொப்புகளை வெட்ட, இன்னொருவர் இழுத்து ஓரமாகப் போட, இருசக்கர வண்டி போகிற அளவுக்கு ஒரு சந்து உண்டாயிற்று. பால்கேன் கட்டிய வண்டிதான் முதலில் போனது.

அடிமரத்துக்கு அரிவாள் போதாது. அதற்கு இயந்திர ரம்பம் வர வேண்டும்.

சனி, நண்பகல்

காத்திருந்த நேரத்தில்தான் எல்லோரும் மரத்தின் தூர்ப்பக்கம் போய்ப் பார்த்தார்கள். இந்த நாட்குறிப்பில் முக்கியமாகச் சொல்ல வேண்டியது அங்கே கண்டதைத்தான்.

இரண்டு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத மரம். அவ்வளவு பெரிய மரம் விழுந்தால் வேரோடு வண்டி வண்டியாக மண்ணும் பெயர்ந்து வர வேண்டும். இங்கே அப்படி வரவில்லை. வயல் பக்கத்து வேர்கள் நீளநீளமாக, நார் நாராகக் கிழிந்து நின்றன. சாலைப் பக்கத்தில் வேரே இல்லை. தொடை கனத்துக்கு இருந்திருக்க வேண்டிய மூன்று பக்கவேர்கள் நேர்கோட்டில், மட்டம் பார்த்து நறுக்கியதுபோல் முடிந்திருந்தன. வெட்டுவாய் கறுத்து உளுத்திருந்தது. விரலால் தொட்டால் பொடியாக உதிர்ந்தது. என்றைக்கோ குழாய்க்கோ கேபிளுக்கோ தார் விளிம்பை ஒட்டிப் பள்ளம் தோண்டியபோது இயந்திரம் அவற்றை அறுத்துவிட்டுப் போயிருக்கிறது. அறுபட்ட இடத்தில் அழுகல் ஏறியிருக்கிறது. பிற்பாடு சாலையை அகலப்படுத்தியபோது ஜல்லியும் தாரும் தூருக்கே வந்துவிட்டன. தூரின் இன்னொரு பக்கம் குப்பை கொளுத்திக் கொளுத்திக் குகைபோலக் கரிந்திருந்தது. பட்டையில் விளம்பரத் தகரம் அடித்த ஆணிகள் அப்படியே இருந்தன.

“காத்தே அடிக்கலியே அண்ணாச்சி, எப்படி விழுந்துச்சு?” என்று ஓட்டுநர் கேட்டார்.

அரிவாளைத் தோளில் போட்டிருந்த பெரியவர் சொன்னார்: “காத்து எதுக்கு தம்பி? கோடையில இந்த மண்ணு பாளம் பாளமா வெடிக்கும். அந்த வெடிப்புல சல்லிவேரு பூராவும் அத்துப் போகும். மழை விழுந்தா மண்ணு களியாயிரும், புடிமானம் இருக்காது. அப்பத் தாங்கிப் புடிக்கதுதான் பக்கவேரு. அதை ரோட்டுப் பக்கம் இவங்க அறுத்துட்டாங்களே. ஒத்தக் கால்ல எம்புட்டு நாளு நிக்கும்?”

மண்ணியல் படித்தவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். கரிசலில் உள்ள களிமண் வகை, நீரைக் குடித்தால் உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஒவ்வோர் ஆண்டும் அது விரிந்து சுருங்குவதை மரத்தின் வேர்கள் தாங்கியாக வேண்டும். பல இடங்களில் கரிசலுக்கு அடியில் சுக்கான் படிவம் இருப்பதால், வேர் ஆழம் போவதைவிடப் பக்கவாட்டில் பரவுவதே அதிகம். பொதுவாகவே மரங்களின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் ஒரு மீட்டர் ஆழத்துக்குள்தான் இருக்கும். கிளை விரிந்த எல்லையையும் தாண்டி ஓடும். ஆகவே தூரிலிருந்து இரண்டடி தள்ளிப் பள்ளம் வெட்டிவிட்டு, மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நினைப்பது தவறு. மரம் அன்றைக்கு விழாது. சில ஆண்டுகள் கழித்து, காற்றே இல்லாத ஒரு காலையில் விழும்.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013 ஏப்ரலில், மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் கான்கிரீட் போடக்கூடாது, போட்டிருந்தால் அகற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. டெல்லி மரங்களுக்காக எழுந்த வழக்கு அது. அதன் நியாயம் எந்த ஊர் மரத்துக்கும் பொருந்தும். அந்தப் புளியமரத்துக்கு ஒரு சாண் மண்கூட மிச்சம் வைக்கப்படவில்லை.

ரம்பத்தோடு தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள். அவர்கள் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். எடுத்த எடுப்பில் அடிமரத்தில் கைவைப்பதில்லை. எந்தக் கொப்பு மரத்தைத் தாங்கி நிற்கிறது, எதை அறுத்தால் மரம் உருளும் என்று சுற்றி வந்து பார்க்கிறார்கள். நுனியிலிருந்து தொடங்கிப் பாரத்தைக் குறைத்துக்கொண்டே உள்ளே வருகிறார்கள். புளி வைரம் பாய்ந்த மரம். கசாப்புக் கடைக் கட்டைக்கும் உலக்கைக்கும் அதைத் தேடுவது சும்மா இல்லை. ரம்பச் சங்கிலி சூடேறிப் புகைந்தது. நிறுத்தி நிறுத்தி அறுத்தார்கள்.

மணி ஒன்றரையைத் தாண்டியது. பிள்ளைகளுக்குப் பசி. பெரியவர் வீட்டிலிருந்து தூக்குவாளியில் கம்மங்கூழும் மோர்மிளகாயும் வந்தன. சென்னைப் பிள்ளைகள் இரண்டாவது தடவை வாங்கிக் குடித்தார்கள்.

சனி, மாலை

பயணத்தை மறுநாளைக்குத் தள்ளிவைத்து எல்லோரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். “ஒரு மரம் விழுந்தா போற எடத்துக்குப் போக முடியாதா அத்தை?” என்று தம்பியின் பத்து வயது மகள் கேட்டாள்.

அத்தை அவளுக்கு 2023 டிசம்பர் 17-ஐச் சொன்னார். அன்றும் மறுநாளும் தென்மாவட்டங்களில் வானம் பொத்துக்கொண்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. கோவில்பட்டியிலும் 50 சென்டிமீட்டரை ஒட்டிப் பெய்தது. ஆண்டு முழுவதற்குமே ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் மழை பார்க்கிற மாவட்டம் இது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. தண்டவாளத்தின் அடிமண்ணை வெள்ளம் அரித்துப் போயிருந்தது. சுமார் 800 பயணிகள். முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பியவர்கள் அவர்களில் ஏராளம். ஒரு பகுதியினரைத்தான் முதலில் அப்புறப்படுத்த முடிந்தது. மற்றவர்கள் 19-ஆம் தேதி வரை அங்கேயே இருந்தார்கள். ஹெலிகாப்டர் சோற்றுப் பொட்டலம் போடுவதற்கு முன்பே, தாங்களும் வெள்ளத்தில் சிக்கியிருந்த பக்கத்துப் புதுக்குடி மக்கள் வீட்டிலிருந்த அரிசியைப் போட்டுச் சமைத்துக் கொடுத்தார்கள். வழியில் மாட்டிக்கொண்டவர்களுக்குச் சோறு போடுவதில் தென்சீமை என்றைக்கும் தயங்கியதில்லை.

இரவு, பேச்சு மரங்களின் பக்கமே சுற்றியது. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் போட்ட சாலைகளும் நட்ட மரங்களும் இன்றும் தென்மாவட்டத்தார் வாயில் வழங்குகின்றன. தெற்கே கயத்தாறில் 1799 அக்டோபர் 16 அன்று வீரபாண்டிய கட்டபொம்மனைத் தூக்கிலிட்டதும் ஒரு புளியமரத்தில்தான். மதுரை–திருநெல்வேலி நெடுஞ்சாலை நான்குவழியானபோது வரிசை வரிசையாகப் புளியமரங்கள் சாய்க்கப்பட்டன. கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த இடைசெவல் அந்தச் சாலையை ஒட்டித்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் அந்த வழியில் நடந்து போனவனுக்கு நிழல் கிடைத்தது. இன்று நடுவில் அரளிச் செடி பூத்துக் கிடக்கிறது. ஓரத்தில் ஒதுங்க இடமில்லை.

புயலில் விழாத மரமே இல்லையா என்று தம்பி கேட்டார். 2016 வர்தா புயலில் சென்னையில் அவர் கண்முன்னே விழுந்தவை பெரும்பாலும் மயிற்கொன்றையும் தூங்குமூஞ்சியும். 2018 நவம்பர் 16 கஜா புயலில் டெல்டாவில் தென்னைகள் லட்சக்கணக்கில் சாய்ந்தபோது பனைகள் பெரும்பாலும் நின்றன. அடையாறு ஆலமரத்தின் தாய்மரமே 1989-இல் புயலில் விழுந்தது. விழுதுகள் ஊன்றியிருந்ததால் அது இன்றும் ஆலமரமாகவே இருக்கிறது. புளிக்கு விழுது கிடையாது. அதைத் தாங்குவது மண்ணுக்குள் ஓடும் வேர் மட்டுமே.

ஞாயிறு

கழுகுமலைக்குப் போய்வந்தார்கள். மலையில் காற்றும் வெயிலும் அருமையாக இருந்தன. பிள்ளைகளுக்கு இறங்க மனமில்லை. அதைப் பற்றி எழுதத் தனிக் கட்டுரையே வேண்டும்.

திரும்பும்போது ஆசிரியை ஓட்டுநரை மெதுவாகப் போகச் சொல்லிச் சாலையோர மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். நெடுஞ்சாலைத் துறை எண் எழுதி, வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை அடித்த மரங்கள். ஆண்டுதோறும் இவற்றின் புளி மகசூல் ஏலம் போகிறது. விழுந்த மரமும் அரசுச் சொத்துதான். கேட்காமல் எடுக்க முடியாது, மதிப்புப் போட்டு ஏலம் விடுவார்கள். நேற்றைய மரம் துண்டங்களாக ஓரத்தில் அடுக்கப்பட்டிருந்தது. விறகுக்கு விலை போட்டுவிடலாம். அது தந்த நிழலை எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

நிற்கிற மரங்களைப் பார்த்தபோதுதான் மனம் பதறியது. தூரில் தீக்காயம் உள்ளவை, ஆணியடித்தவை, தார் கழுத்தை நெரிப்பவை, புதிதாகக் கேபிள் பள்ளம் ஓடியவை எனப் பல மரங்கள் சாயும் நாளை எதிர்பார்த்து நிற்கின்றன. அடுத்த மரம் வண்டியின் மேல் விழுந்தால், ஆபத்தான மரங்கள் என்று சொல்லி எல்லாவற்றையும் வெட்டச் சொல்வார்கள். அந்த அவசரம் வருவதற்கு முன்பே பார்க்க வேண்டிய காரியம் இது. அரசு நிலத்து மரத்தை வெட்டுவதென்றால் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும் என்ற ஏற்பாடு 2021-இல் வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் வேரை அறுப்பதும் மரத்தை வெட்டுவதுதான் என்பதை ஒப்பந்தக்காரருக்கு யார் சொல்வது?

திங்கள்

தம்பி குடும்பம் ஊருக்குப் புறப்பட்டது. ஆசிரியை ஒரு வெள்ளைத்தாளை எடுத்துத் தன் ஊராட்சிக்கு ஒரு மனு எழுதினார். நவம்பர் 1 உள்ளாட்சி தினக் கிராம சபையில் அதைக் கொடுக்கப் போகிறார். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

அவர் கேட்பவை சின்னச் சின்ன விஷயங்கள். சாலையோரத்தில் பள்ளம் தோண்டும் முன் மரத்துக்கு எட்டத் தள்ளித் தோண்டச் சொல்ல வேண்டும். வழியில்லாத இடத்தில் வேருக்கு அடியால் குழாயைக் கொண்டுபோகலாம். தூரைச் சுற்றித் தாரையும் சிமென்டையும் கொத்தி எடுக்க வேண்டும். மரத்தடியில் குப்பை கொளுத்தக்கூடாது. மழைக்கு முன், புரட்டாசியிலேயே, ஊர் எல்லைக்குள் நிற்கும் சாலை மரங்களை ஒரு தடவை சுற்றிப் பார்த்து, பாரம் கூடிய கொப்பை மட்டும் கழிக்க வேண்டும். விழுந்த இடத்தில் புங்கையோ வேம்போ புளியோ வைக்க வேண்டும். தார் விளிம்பிலிருந்து நாலைந்து மீட்டர் தள்ளி வைக்க வேண்டும்.

உங்கள் ஊர்ச் சாலையிலும் இப்படி ஒரு மரம் நிற்கும். இந்த வாரம் ஒருமுறை அதன் தூர்ப்பக்கம் போய்க் குனிந்து பாருங்கள். வேர் அறுபட்டிருந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்துவிட்டு வாருங்கள்.