என் கைகளுக்குக் கிடைத்த தாலந்து

தோழியரே, தாலந்து என்றதும் நமக்குப் பாட்டும் பேச்சும்தான் நினைவுக்கு வருகின்றன. எனக்கு இரண்டும் வராது. பாடற்குழுவில் வாயசைப்பதோடு சரி! ஆனால் புண்ணைக் கண்டால் எனக்கு அருவருப்பில்லை. சர்க்கரை நோயால் பாட்டியின் பாதத்தில் வந்த புண்ணை, நர்சம்மா காட்டித் தந்தபடி, தினமும் ஜெபமாலைக்கு முன் நான்தான் கழுவிக் கட்டுகிறேன். தண்ணீர் சில்லென்கிறது, கட்டு இறுக்குகிறது என்று பாட்டி ஏசாத நாளில்லை.

என் வயதில், 1888-இல், பிரான்சு நாட்டு லிசியே கார்மேல் மடத்தில் சேர்ந்தவர் சிறுமலர் தெரேசம்மாள். அங்கே நடக்க இயலாத முதிய சகோதரி ஒருவரைத் தினமும் மாலையில் உணவறைக்குத் தாங்கி அழைத்துச் செல்வார். விரைந்தாலும் குறை, மெல்ல நடந்தாலும் குறை. அவருக்கு ரொட்டியையும் வெட்டிக் கொடுத்து, புன்னகை செய்துவிட்டுத்தான் வருவார். மடம் புகுந்தபின் வெளியேறாமலே 24 வயதில் இறந்த இவரைத்தான் 1927-இல் திருச்சபை மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாக அறிவித்தது.

பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு எடுத்து, பின் நர்சிங் படிக்க விரும்புகிறேன். "புண் துடைக்கவா பெண்ணைப் படிக்க வைக்கிறீர்கள்?" என்று உறவினர் கேட்கிறார்கள். அப்பா இன்னும் முடிவு சொல்லவில்லை. பாட்டி மட்டும், "அவளைத் தடுக்காதேடா, கட்டைத்தான் கொஞ்சம் இறுக்கிப் போடுகிறாள்" என்கிறார்கள்.