மூச்சு விடும் இடம்

அமெரிக்க ராப் பாடகர்களில் அதிகச் சொற்களைப் புழங்குகிறவர் என்று பெயரெடுத்த ஒருவர், தன் பூனையைப் பற்றி ஒரு பாட்டு எழுதியிருக்கிறார். பூனையின் பெயர் கிர்பி. பாட்டின் பெயரும் கிர்பி. வருஷக்கணக்கில் மாத்திரை தின்று பார்த்தாகிவிட்டது. கடைசியில் மனநல மருத்துவரே, பூனைக்குட்டி ஏதாவது வளர்த்துப் பாருங்களேன் என்கிற கட்டத்துக்கு வந்துவிட்டாராம். அதற்கப்புறம் பாட்டு முழுக்கப் பூனை புராணம். ராப் என்றாலே பணம், கார், பழிக்குப் பழி என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். சண்டைக்கு இழுக்கிற அதே குரலில், அதே முறைப்போடு, ஒரு மனிதர் வீட்டுப் பூனையின் மகிமையை அடுக்கிக்கொண்டே போனது எனக்குப் பிடித்துப்போயிற்று.

அவர் பெயர் ஏசாப் ராக். 2014-இல் மேட் டேனியல்ஸ் என்பவர் ஒரு காரியம் செய்தார். ஒவ்வொரு ராப் பாடகரும் எழுதியதில் முதல் 35,000 சொற்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் தனித்தனிச் சொற்கள் எத்தனை என்று எண்ணினார். ஏசாப் ராக்குக்கு 7,392. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஷேக்ஸ்பியரையும் அதே தராசில் நிறுத்தியிருந்தார்: 5,170. 'மோபி டிக்' நாவல் 6,022. இதில் வேடிக்கை, டேனியல்ஸ் முதலில் ஏசாப் ராக்கைப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. இவரை யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டார். ரசிகர்கள் கூடிச் சண்டை பிடித்த பிறகுதான் சேர்த்தார். சேர்த்ததும் ஆள் நேரே முதலிடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் முப்பது வருஷம் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவன். இந்த மாதிரிக் கணக்கைப் பார்த்தால் கை பரபரக்கும். டேனியல்ஸ் ஒரே சொல்லின் ஒருமை, பன்மை, திரிந்த வடிவம் எல்லாவற்றையும் தனித்தனிச் சொல்லாகவே எண்ணியிருக்கிறார். இந்த முறையைத் தமிழுக்குக் கொண்டுவந்தால், வந்தான், வந்தாள், வந்துட்டாளே, வந்திருக்க மாட்டாளோ என்று எல்லாமே தனிச்சொல். எங்கள் தெருக் குழாயடியில் ஒரு காலைப் பொழுது போதும், ஷேக்ஸ்பியர் குடத்தை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார். ஆகவே எண்ணிக்கையை நான் பெரிதாக நம்புவதில்லை. சொல்லை வைத்து ஆள் என்ன செய்கிறார் என்பதுதான் விஷயம்.

'தி இம்பாசிபிள் கிட்' என்கிற அவருடைய 2016 ஆல்பத்தில்தான் பூனைப் பாட்டு இருக்கிறது. அதே ஆல்பத்தில் அண்ணன் தம்பி பற்றி ஒரு பாட்டு உண்டு. மூன்று பையன்களில் இவர் நடுப்பிள்ளை. தம்பி சிறுவர் பேஸ்பால் ஆடும்போது மைதானத்துக்குள் பெருச்சாளி மாதிரி ஏதோ ஒரு வளைப்பிராணி வந்துவிட, பெரியவர் ஒருவர் மட்டையாலேயே அதை அடித்துத் தீர்க்கிறார். பையன்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அது முதல் பாதி. இரண்டாம் பாதியில் அண்ணன், மினிஸ்ட்ரி என்கிற இரைச்சல் இசைக்குழுவின் கச்சேரிக்குப் போயே தீருவேன் என்கிறான். அம்மா முடியாது என்கிறார். அவ்வளவுதான் கதை. கொலை இல்லை, போலீஸ் இல்லை. ஆனால் அம்மா மறுத்ததும் அந்த வீட்டில் எழுகிற அமளியை ஒரு பாரதப் போரின் ஆர்ப்பாட்டத்தோடு சொல்கிறார். வரிகளைத் தாளில் எடுத்து வைத்துக்கொண்டு, பென்சிலோடு உட்கார்ந்து கேட்டேன். இப்படிக் கேட்பது சரியில்லை என்று என் தங்கை மகன் சொன்னான். 'மாமா, பாட்டுக்குப் போய் யாராவது புரூஃப் பார்ப்பாங்களா?' அவனுக்குத் தெரியாது, இந்த வகைப் பாட்டைக் கேட்கிறவர்களில் பாதிப் பேர் பென்சில்காரர்கள்.

இந்தக் கூட்டத்தில் ஒரு கிளைக்கு 'நெர்ட்கோர்' என்று பெயர். எம்.சி. ஃப்ரண்ட்டலாட் என்பவர் 2000-இல் வைத்த பெயர். கழுத்தில் டை, மூக்கில் கண்ணாடி, நெற்றியில் சுரங்கத் தொழிலாளி மாதிரி ஒரு விளக்கு என்று மேடை ஏறுகிறவர். இந்தக் கிளையில் எல்லாமே எனக்கு உவப்பில்லை. வீடியோ கேம் பெயர்களை வரிசையாகச் சொன்னால் போதும், கூட்டம் கைதட்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். ரயில்வே கால அட்டவணைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. மாறாக, பாபா பிரிங்க்மன் என்ற கனடாக்காரர் பழைய ஆங்கிலக் கவிஞர் சாசரின் கேன்டர்பரி கதைகளையே ராப்பாகச் செய்தவர். கோடை விடுமுறைகளில் காட்டில் மரம் நட்டுக் காசு சேர்த்த ஆள். பத்து லட்சத்துக்கு மேல் நட்டிருக்கிறார். டார்வின் பிறந்து இருநூறு ஆண்டு 2009-இல் நிறைவதையொட்டி, பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் மார்க் பாலன் என்ற நுண்ணுயிரியல் பேராசிரியர் இவரிடம் பரிணாமக் கொள்கையை ராப்பில் சொல்ல முடியுமா என்று கேட்டார். சொன்னார். வரிகளில் அறிவியல் பிழை இருக்கிறதா என்று பேராசிரியர் சரிபார்த்துக் கொடுத்தார். பாட்டுக்கு மெய்ப்புப் பார்த்த முதல் ஆள் நான் இல்லை என்று தங்கை மகனிடம் சொன்னேன்.

ஆனால் என்னை உண்மையில் நாற்காலியை விட்டு எழுப்பியது வேறொரு பாட்டு. பிளாக்கலிஷியஸ் என்ற கலிஃபோர்னியா இரட்டையரின் 'ஆல்ஃபபெட் ஏரோபிக்ஸ்'. 1999-இல் வந்தது. கட் கெமிஸ்ட் என்பவர் தாளம் அமைத்திருக்கிறார். ஆங்கில நெடுங்கணக்கை ஏ முதல் இசட் வரை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் அந்த எழுத்தில் தொடங்கும் சொற்களாகவே சில வரிகள். எழுத்து மாற மாறத் தாளம் வேகம் பிடிக்கிறது. பாதிக்கு மேல் போனால் நமக்கு மூச்சு வாங்குகிறது. பாடியவர் கிஃப்ட் ஆஃப் கேப். ஹாரி பாட்டராக நடித்த டேனியல் ராட்க்ளிஃப் 2014-இல் தொலைக்காட்சியில் இதை ஒப்பித்துக் காட்டிய பிறகு ஊரெல்லாம் தெரிந்தது. அதற்கு முன்பே ஒரு கூட்டம் இதை மனப்பாடம் செய்து வைத்திருந்தது.

கேட்டவுடன் எனக்கு எங்கள் தமிழய்யா நினைவுக்கு வந்துவிட்டார். ஒன்பதாம் வகுப்பு. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வரும் பாடவேளை, பாதி வகுப்பு தூங்கி வழியும். அவர் புத்தகத்தை மூடிவிட்டு, அருணகிரிநாதர் கதையை எடுப்பார். வில்லிபுத்தூரார் கையில் துறடு வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் புலவர்களை வாதுக்கு அழைக்கிறார். தோற்றவன் காது அறுபடும். அருணகிரிநாதர் முன்னாலும் வந்து உட்காருகிறார். ஒப்பந்தம் இது: அருணகிரி பாடப்பாட வில்லியார் உடனுக்குடன் உரை சொல்ல வேண்டும். கந்தர் அந்தாதி புறப்படுகிறது. முழுக்க யமகம்: ஒரே ஒலி திரும்பத் திரும்ப வரும், பொருள் மட்டும் மாறும். வில்லியாரும் லேசுப்பட்டவர் இல்லை, ஐம்பத்து மூன்று பாட்டுக்குச் சளைக்காமல் உரை சொல்லிவிடுகிறார். ஐம்பத்து நான்காவது பாட்டு முழுவதும் தகர வருக்கம். த, தா, தி, தீ, து, தே, தை... வேறு எழுத்தே கிடையாது. வில்லியார் வாய் அடைத்துப்போகிறது.

இந்த இடத்தில் தமிழய்யா எழுந்து நின்று அந்தப் பாட்டை ஒரே வீச்சில் சொல்வார். அர்த்தம் யாருக்கும் புரியாது. மிருதங்கத்தில் தீர்மானம் வைக்கிற மாதிரி இருக்கும். தூங்கிக்கொண்டிருந்தவனெல்லாம் எழுந்து சிரிப்பான். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, ஒரு கேள்வி போடுவார்: 'மூச்சு எங்கடா விட்டேன்?' யாராலும் சொல்ல முடியாது. மறுபடி சொல்லுங்கய்யா என்போம். மறுபடி சொல்வார். முன்வரிசைப் பையன்கள் அவர் தொண்டையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்போம். ஒரு தடவை நாராயணன் என்றவன், 'அய்யா, மூணாம் அடியில தோளு லேசா தூக்குச்சு' என்றான். தமிழய்யாவுக்குப் பிடிபடாத சந்தோஷம். உரை சொன்னவனைவிடத் தோளைப் பார்த்தவன் கெட்டிக்காரன் என்றார். கதையின் மிச்சத்தை மணி அடித்த பிறகுதான் சொல்லுவார்: அருணகிரி தானே அந்தப் பாட்டுக்கு உரை சொல்லி, காதை அறுக்காமல் துறட்டை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பினார், 'கருணைக்கு அருணகிரி' என்று பேர் வந்தது அதனால்தான்.

துறடு இல்லாத ஒரு சபை லாஸ் ஏஞ்சலிஸில் இருந்தது. குட் லைஃப் என்ற ஆரோக்கிய உணவுக்கடை. 1989 வாக்கில் பி. ஹால் என்கிற பெண்மணி அங்கே வியாழக்கிழமை சாயங்காலங்களில் மைக்கைத் திறந்துவிட்டார். யாரும் வந்து பாடலாம். ஒரு கண்டிப்பு, கெட்ட வார்த்தை கூடாது. அந்தக் காலத்து, அந்த ஊர் ராப்பில் கெட்ட வார்த்தையை எடுத்துவிட்டால் பலரிடம் மிஞ்சுவது கொஞ்சம்தான். இருந்த ஓட்டையை அடைக்க வேறு சொல் தேட வேண்டியதாயிற்று. ஜாஸ் இசையின் நெளிவுசுளிவுகளைக் குரலில் கொண்டுவந்த ஃப்ரீஸ்டைல் ஃபெலோஷிப் போன்ற குழுக்கள் அங்கிருந்து புறப்பட்டதில் ஆச்சரியமில்லை. பாடுகிறவர் சொதப்பினால் கூட்டம் கூச்சல் போடாது; தயவுசெய்து மைக்கை அடுத்தவரிடம் கொடுங்கள் என்று எல்லாரும் சேர்ந்து ராகம்போடுவார்கள். இவ்வளவு பண்பான அவமானத்தை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. நியூயார்க்கிலிருந்து வந்த பெயர் பெற்றவருக்கும் அதே மரியாதைதான். பின்னாளில் பெரிய இயக்குநரான அவா டூவர்னே அங்கே பாடிய பெண்களில் ஒருவர்; 2008-இல் 'திஸ் இஸ் தி லைஃப்' என்று அதைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார்.

அந்தக் கடைச் சபையின் வாரிசாக 1994-இல் லெமர்ட் பார்க்கில் 'புராஜெக்ட் ப்ளோட்' தொடங்கியது. சிகாகோவிலிருந்து வந்து அதில் சேர்ந்தவர் ஓப்பன் மைக் ஈகிள். அவருடைய 2017 ஆல்பம், சிகாகோவில் இடிக்கப்பட்ட ராபர்ட் டெய்லர் குடியிருப்பைப் பற்றியது. பதினாறு மாடிக் கட்டடங்கள் இருபத்தெட்டு. எல்லாவற்றையும் 2007-க்குள் தரைமட்டமாக்கிவிட்டார்கள். அவருடைய அத்தையோ சித்தியோ அதில் குடியிருந்தார். காமிக்ஸ் பிரியர், கட்டடத்தையே ஆளாக நிமிர்த்திப் பேசவைக்கிறார். கடைசிப் பாட்டில் மட்டும் விளையாட்டெல்லாம் போய்விடுகிறது. இதை நடந்துகொண்டே கேட்காதீர்கள்.

தங்கை மகன் நியூஜெர்சியில் இருக்கிறான். அங்கே போயிருந்தபோது இந்த ரகக் கச்சேரி ஒன்றுக்குக் கூட்டிப்போனான். ஒரு மதுக்கடையின் பின்னறை. வாசலில் நின்ற இளைஞன் என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டும், இருபத்தொரு வயது நிரம்பியதற்குச் சான்று கேட்டான். பாஸ்போர்ட்டை நீட்டினேன், புறங்கையில் ஒரு முத்திரை குத்தி அனுப்பினான். 'மாமா, இதைக் காதுல வெச்சுக்கோங்க' என்று மருமகன் நுரை அடைப்பான்கள் இரண்டு கொடுத்தான்.

இந்தக் கச்சேரிகளில் ஒரு விநோதம். இவ்வளவு சொல் அடைத்து எழுதிய பாட்டு, அந்தச் சின்ன அறையில், அந்த ஸ்பீக்கரில், ஒரு சொல்லும் காதில் விழாது. எனக்கு மட்டுமில்லை, யாருக்கும் விழாது. ஆனால் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் உதடசைத்துக்கொண்டிருந்தார்கள். தடித்த கண்ணாடி போட்ட ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு எழுத்து பிசகாமல், மந்திரம் மாதிரி. சொல் வேண்டியவர்கள் வீட்டிலேயே சொல்லை முடித்துவிட்டு வந்திருக்கிறார்கள். இங்கே வந்தது வேறெதற்கோ.

அது எதற்கென்று மூன்றாவது பாட்டில் பிடிபட்டது. ஒலிப்பதிவுக் கூடத்தில் நாலு வரி பாடி நிறுத்தி, தண்ணீர் குடித்து, அடுத்த நாலு வரியை ஒட்டிக்கொள்ளலாம். மூச்சு வாங்கின இடம் தெரியாது. பெரிய மைதானங்களில் பின்னால் ஆல்பத்தின் குரலையே மெல்ல ஓடவிடுகிறவர்கள் உண்டு. இந்த அறையில் அந்த வேலை நடக்காது. பாடுகிறவரிடமிருந்து எனக்கு ஆறடி. பக்கத்தில் ஒருவர் இன்னொரு மைக்கோடு நின்று, ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் வாங்கிக்கொண்டார், வில்லுப்பாட்டில் 'ஆமா' போடுகிறவர் மாதிரி. அந்த இடைவெளியில்தான் பாடகர் காற்றை இழுக்கிறார். தோள் லேசாகத் தூக்குகிறது. மருமகனின் கையைத் தட்டி, 'பார், பார்' என்றேன். அவனுக்குக் காதில் அடைப்பான்.

முடிந்ததும் பாடகரே கீழே இறங்கி, மடக்கு மேஜை போட்டு, பெட்டியைத் திறந்து டி-ஷர்ட்டும் கேசட்டும் விற்க உட்கார்ந்தார். 'ஆல்ஃபபெட் ஏரோபிக்ஸ்' பாடிய கிஃப்ட் ஆஃப் கேப்பும் இப்படித்தான், சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொண்டே ஊர் ஊராகப் பாடப்போனவர். 2021-இல் இறந்தபோது வயது ஐம்பது. இந்தப் பிழைப்பு இவ்வளவுதான், மேடையும் மேஜையும். வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது, ஒரு பாட்டில் எனக்குப் பிடிபடாத வரியைக் கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. சில்லறை கொடுக்க எடுத்த கையை அப்படியே வைத்துவிட்டு விளக்க ஆரம்பித்தார்: அது ஒரு பழைய அறிவியல் புனைகதையிலிருந்து, அதோடு ஒரு சதுரங்க நகர்த்தலும் சேர்ந்தது, அதோடு அவர் தாத்தாவின் தொழிலும். எனக்குப் பின்னால் நின்ற கண்ணாடிக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'இல்லை, அந்த வரிக்கு அர்த்தம் அது இல்லை' என்றார். எழுதினவரிடமே. பாடகர் கேசட்டைக் கீழே வைத்தார். இரண்டு பேரும் தொடங்கிவிட்டார்கள். மருமகன் கடைசி ரயிலுக்கு நேரமாகிறது என்று சட்டையைப் பிடித்து இழுத்தான். நான் கண்ணாடிக்காரர் கட்சி.